ஜெய்தூன் பீவி பேர் போட்ட தட்டு

எங்கள் வளவை ‘ஒண்டுக்குடித்தனம்’ என்று சொல்லிவிட்டுப் போனவர்களில் ஒருவரைக்கூட நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை. மூன்று மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மூன்று வீட்டாரும் என் முகத்தைப் பார்த்ததைவிட எங்கள் சுவரைப் பார்த்ததுதான் அதிகம்.

அந்தச் சுவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லில் பேகம்பூருக்குத் திரும்புகிற சந்தில் இருந்த எங்கள் வளவு, ஒரு காலத்தில் புகையிலை மூட்டைகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கி. முற்றத்தை மூன்று பக்கமும் வளைத்துக் கட்டிய நீளமான கட்டடம், நடுவில் கிணறு, தெருவுக்கு ஒரே ஒரு கதவு. வியாபாரம் படுத்ததும் சொந்தக்காரர் அதை எட்டாகத் தடுத்து வாடகைக்கு விட்டார். முழுசாகத் தடுத்தாரா என்றால் இல்லை. செங்கல் தீர்ந்ததோ பொறுமை தீர்ந்ததோ, தடுப்புச் சுவர்கள் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிட்டன. அதற்கு மேல் எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஓட்டுக் கூரை. முதல் வீட்டுக் குழந்தை தும்மினால் கடைசி வீட்டிலிருந்து ‘நூறு’ என்று வாழ்த்து வரும். மழைக்காலத்தில் சுவரிலிருந்து பழைய புகையிலை நெடி கிளம்பும். அப்போது எல்லோரும் சேர்ந்தே தும்முவோம், வாழ்த்த ஆள் இருக்காது.

இப்படி ஒரு இடத்தில் மனுஷர் எப்படி இருப்பது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். சந்தோஷமாக இருந்தோம். எங்களுக்குள் இரண்டே இரண்டு வழக்கங்கள். கிணற்றில் தண்ணீர் இறைப்பவர் தன் குடத்தை நிரப்பிவிட்டு, பக்கத்தில் யார் குடம் காலியாக இருந்தாலும் அதையும் நிரப்பிவிட்டுத்தான் கயிற்றை விட வேண்டும். அடுத்து, ஒரு வீட்டிலிருந்து கிண்ணத்தில் குழம்போ வெஞ்சனமோ வந்தால் அந்தக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி கறிவேப்பிலையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே எங்கள் பாத்திரங்கள் பாதி நாள் அடுத்த வீட்டில்தான் இருக்கும். பேர் வெட்டி வைக்காவிட்டால் எது யாருடையது என்று தெரியாது. எல்லார் வீட்டு எவர்சில்வரிலும் பேர் இருந்தது.

அறுபத்திரண்டாம் வருஷம் மாசியில் தரகர் நாலாவது வரனைக் கொண்டுவந்தார். ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம். மாப்பிள்ளை முத்துச்சாமிக்கு எங்கள் ஊரிலேயே ஒரு பஸ் கம்பெனியில் வேலை, லாட்ஜில் தங்கியிருக்கிறார். எல்லாம் சொல்லி முடித்துவிட்டுத் தரகர் தலையைச் சொறிந்தார்.

“ஒரு சின்ன விசயம். ஒங்க வீடு எப்பிடின்னு அந்தம்மா கேட்டுச்சு. எட்டு ரூமு, நடுவுல முத்தம், வத்தாத கெணறுன்னு சொல்லிட்டேன்.”

என் அப்பா சோலைமலை, பூட்டுப் பட்டறையில் வேலை பார்ப்பவர். கோபம் வந்தால் அவர் கையில் அரம் இருக்கிறதா என்று எதிரில் இருப்பவர் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். “யோவ், வளவு பூராத்தையும் எம்பேர்ல எழுதி வச்சிட்டியா? பொய் சொல்லிப் பொண்ணக் குடுக்க மாட்டேன், எந்திரிச்சுப் போ!” என்று கத்தினார்.

சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டு அமலராணி அக்கா. எதையாவது கேட்க வேண்டுமென்றால் அந்தப் பக்கம் முக்காலி போட்டு ஏறிவிடுவாள்.

“மாமா, அவரு சொன்னதுல என்ன பொய்? எட்டு ரூமு இருக்கா இல்லையா? முத்தம் இருக்கா இல்லையா?”

“அது எல்லாம் என்னுதா?”

“ஒரு சாயங்காலத்துக்கு ஒங்களுதுதான். இவுக யாருன்னு கேட்டா, ‘எல்லாம் நம்ம ஆளுகதான்’னு சொல்லுங்க. அது பொய்யா?”

 அப்பா வாயைத் திறப்பதற்குள் இரண்டு வீடு தள்ளி யாரோ கைதட்டிவிட்டார்கள். அதற்குமேல் என்னை யார் கேட்கிறார்கள்? என் கல்யாணம் வளவின் கல்யாணமாகிவிட்டது.

பெண் பார்க்க வருவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமை வளவுக்குப் பித்துப் பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அமலராணி அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பட்டாளத்துக்காரி போல் உத்தரவு போட்டாள். ஒவ்வொரு வீட்டிலும் உள்ளதில் நல்ல சாமான் எங்கள் முன்னறைக்கு வந்தது. அவள் வீட்டு ரேடியோ, இன்னொரு வீட்டு நிலைக்கண்ணாடி, மற்றொரு வீட்டுப் பிரம்பு நாற்காலி. அந்த மாசம்தான் காலியான கடைசி வீட்டைக் கழுவிக் கோலம் போட்டு அதற்கு ‘விருந்தாளி ரூம்’ என்று பெயரும் வைத்தாகிவிட்டது. எங்கள் வீட்டில் சாமி படத்துக்கு அடுத்து ரேடியோதான் உட்கார்ந்திருந்தது. அம்மா மூக்காயி இரண்டுக்கும் சேர்த்தே சூடம் காட்டிவிட்டாள்.

பிறகு உறவு பங்கிடும் வேலை. அமலராணி அக்காவின் புருஷன் ஞானராஜ் வாத்தியார் எனக்குச் சித்தப்பா. ஆனால் அவரிடம் ஒரு வில்லங்கம் இருந்தது. அவர் பொய் சொல்ல மாட்டார். மாதா கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் திரும்பி வருகிற ஆள்.

“நீங்க வாயத் தெறக்க வேணாம், எதக் கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டுங்க” என்றாள் அக்கா. அவர் அதற்கும் தலையை ஆட்டினார்.

மறுபக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவிதான் கொஞ்சம் யோசித்தாள். “நான் முன்னால வந்தா ஒங்க வேசம் கலைஞ்சிரும்டி, வள்ளி. நான் அடுப்படிலேயே இருந்துக்கிறேன். தம்ரூட் கிண்டித் தாரேன், சுவத்துக்கு மேல வாங்கிக்க.” அவள் கிண்டும் தம்ரூட்டில் ரவையைவிட நெய்தான் அதிகம். அந்த வாசம் வந்தால் நானே எனக்கு மாப்பிள்ளை வேண்டாம், தட்டைக் கொடுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

சாயங்காலம் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா கண்ணம்மாள், தாய்மாமன் ஒருவர். நான் கதவுச் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மாப்பிள்ளையைப் பற்றி ஒரு எண்ணமும் கிடையாது. நாலாவது தடவை, எவனாக இருந்தால் என்ன என்றுதான் இருந்தது. கால் கழுவ மூவரும் கிணற்றடிக்குப் போனார்கள். அவர் ஒரு வாளி இறைத்து அம்மாவுக்கும் மாமாவுக்கும் ஊற்றினார். தானும் கழுவிக்கொண்டார். பக்கத்தில் யாருடைய குடமோ காலியாக இருந்தது. அதைப் பார்த்தார். கயிற்றை மறுபடி உள்ளே விட்டு இறைத்து, அந்தக் குடத்தை நிரப்பி, பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

 யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் பார்க்கிறார்கள் என்றும் அவருக்குத் தெரியாது. இந்த ஆள் வேண்டும், எனக்கு இந்த ஆள்தான் வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். அதோடு பயமும் வந்து தொலைந்தது. வேண்டாதவன் போனால் போகிறான் என்று இருக்கலாம். வேண்டியவன் எழுந்து போனால் என்ன செய்வது?

உள்ளே வந்து உட்கார்ந்ததும் காப்பி போனது. அதுவரை எல்லாம் சரிதான். ஆனால் வளவில் ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மற்ற வீடுகள் சும்மா இருக்குமா? வேஷம் மறந்துபோய்ப் பழக்கம் முந்திக்கொண்டது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு காப்பி, அடுத்த வீட்டிலிருந்து சுக்குக் காப்பி, அதற்கடுத்து பானகம், முறுக்கு, அதிரசம். சுவருக்கு மேலிருந்து வளையல் போட்ட ஒரு கை டம்ளரோடு இறங்கியபோது தாய்மாமன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“பயப்படாதீக, அது எங்க மதினி கை” என்றாள் அமலராணி அக்கா.

 கண்ணம்மாள் கல்லுப் போல் உட்கார்ந்து, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளின் கண் ஓட்டு இடுக்கில் கசிகிற புகைமேல் போனது. வரிசையாக ஏழு இடத்தில் புகை. பிறகு கையிலிருந்த டம்ளரைத் திருப்பிப் பார்த்து, தாய்மாமனாக வந்திருந்த தம்பியிடம் நீட்டினாள்.

“இதுல என்னடா எழுதீருக்குது?”

“ஞானராஜுன்னு போட்டுருக்குதுங்க்கா.”

“இதுல?”

“இதுல சோலைமலை.”

நான் உள்ளே தலையில் அடித்துக்கொண்டேன். ரேடியோவைத் தூக்கிவந்தோம், கண்ணாடியைத் தூக்கிவந்தோம், பாத்திரத்தில் பேர் இருப்பது ஒருத்திக்கும் நினைவில் இல்லை. தினமும் பார்ப்பது கண்ணுக்குத் தெரியுமா?

கண்ணம்மாள் வாத்தியார் பக்கம் திரும்பினாள். “ஏனுங்க, ஞானராஜுங்கறது நீங்கதானுங்களா?”

வாத்தியார் தலையை ஆட்டினார்.

“பொண்ணோட அப்பனுக்குத் தம்பியாக்கு?”

ஆட்டினார். ஆனால் உண்மைக்கும் பொய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அந்தத் தலை கோணல்மாணலாக ஆடியது.

“ஆளுக்கொரு அடுப்பு போலிருக்குதுங்க?”

இது உண்மைதானே! நிம்மதியோடு நன்றாக ஆட்டினார்.

“அண்ணன்கூடப் பேச்சுவார்த்தை இல்லீங்களா?”

பாவம், ஆட்டிப் பழகிவிட்ட தலை. அதற்கும் ஆடிவிட்டது.

கண்ணம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். “அப்பிடீன்னா நாங்க கெளம்பறோமுங்க” என்றாள்.

அப்பா பதறிப்போனார். “ஏம்மா? என்ன கொறை?”

“கொறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஊடு பெருசு. ஆனா இது பாகம் பிரிச்ச ஊடு. ஒரே கூரைக்குள்ள குறுக்குக் குறுக்கே சொவரு, ஆளுக்கொரு அடுப்பு, பாத்திரத்துல ஆளுக்கொரு பேரு. எங்கூட்டுல எம்பட ஊட்டுக்காரரும் அவரு அண்ணனும் இப்பிடித்தானுங்க பிரிஞ்சாங்க. முத்தத்துல சொவரு வெச்சு, கெணத்துக்கு நடுவால கூடச் சொவரு வெச்சாங்க. ஒரு வயித்துல பொறந்தவங்க, ஒரு கரண்டி கொழம்பு அந்தப்பக்கம் போவாது. அதப் பாத்துப் பாத்து எனக்கு வெறுத்துப் போச்சு. இன்னொரு பாகம் பிரிச்ச ஊட்டுல சம்பந்தம் பண்ண மாட்டேனுங்க.”

எழுந்துவிட்டாள். மாமனும் எழுந்தார். மாப்பிள்ளை மட்டும் எழுந்திருக்க மனமில்லாதவர் போல் மெதுவாக எழுந்தார். பெண்ணை இன்னும் அவர் பார்க்கவே இல்லையே!

  சுவருக்கு அந்தப் பக்கம் ஜெய்தூன் பீவி, “யா அல்லா” என்று முனகியது தெளிவாகக் கேட்டது. தொடர்ந்து சுவருக்கு மேல் அவள் கை வந்தது. நெய் மினுங்கும் தம்ரூட் துண்டுகளோடு ஒரு பெரிய எவர்சில்வர் தட்டு. பாவம், காரியம் கெட்டாலும் பலகாரம் கெடக்கூடாது என்று நினைத்திருப்பாள்.

தட்டை வாங்கினேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எதற்கு? ஒண்டுக்குடித்தனம் என்று மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். பெரிய வீடு என்று நாலாவது ஆளும் வேண்டாம் என்றால் எப்படி? பெண் தலைகுனிந்து நடந்து வர வேண்டும் என்று அமலராணி அக்கா காலையிலிருந்து பழக்கியிருந்தாள். நான் தலை நிமிர்ந்து விறுவிறுவென்று போய்த் தட்டைக் கண்ணம்மாள் முன்னால் நீட்டினேன்.

“அத்த, இத ஒரு வாய் சாப்டுட்டுப் போங்க.”

அத்தை என்று வந்துவிட்டது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். முகம் மாறியது. இன்னொரு துண்டு எடுத்தாள்.

“இப்ப தட்டுல என்ன பேருன்னு மாமாவ வாசிக்கச் சொல்லுங்க.”

தாய்மாமன் குனிந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். “ஜெய்… ஜெய்தூன் பீவி.”

“அவுக எங்க சின்னம்மாவா? சொல்லுங்க. இவரு ஞானராஜ் வாத்தியாரு, எங்க சித்தப்பா இல்ல. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறவரு. பொய் சொல்லத் தெரியாம தலைய ஆட்டினாரு. இது பாகம் பிரிச்ச வீடே இல்ல. பிரிக்கிறதுக்கு நாங்க ஒண்ணாப் பொறக்கவும் இல்ல. ஏழு குடித்தனம், ஏழு அடுப்பு, நாங்க இருக்கிறது இந்த ஒரு ரூமும் பின்னால அடுப்படியும்தான். ஒண்டுக்குடித்தனம்னு நெனைச்சீகன்னா நெனைச்சுக்கங்க. ஆனா இங்க எந்தக் கிண்ணமும் வெறுங்கிண்ணமாத் திரும்பாது. சுவரு இருக்கு, குழம்பு அதுக்கு மேல போகும்!”

 அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வாத்தியார், சாயங்காலம் பூராவும் அடக்கி வைத்திருந்ததை ஒரேயடியாக விட்டார். “அவ சொல்றது அம்புட்டும் சத்தியம்மா. எனக்கு அண்ணனே கெடையாது. நான் தலைச்சன்!”

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. சிரிப்பு என்றால் மரியாதைக்குச் சிரிப்பது இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. தாய்மாமன் தம்ரூட்டையும் தட்டிலிருந்த பேரையும் மாறி மாறிப் பார்த்து, “அக்கா, துலுக்கமாரு ஊட்டுப் பலகாரமாட்ட இருக்குது” என்று மெல்லச் சொன்னார்.

“ரெண்டு துண்டு உள்ள போயிருச்சுடா. இனி ரோசனை பண்ணி என்ன ஆவப்போவுது?” என்று கண்ணம்மாள் மூன்றாவதை எடுத்தாள். பிறகு சுவரைப் பார்த்து, “ஏனுங், ஜெய்தூனக்கா! அந்தப் பக்கம் இருக்கறீங்களா? நெய்யி எங்க வாங்கறீங்க?” என்று கூப்பிட்டாள்.

“இந்தா வாரேன்!” என்று அவள் வாசல் வழியாக ஓடிவந்தாள். அவ்வளவுதான். அதுவரை மற்ற வீடுகளில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எங்கள் முன்னறைக்குள் புகுந்துவிட்டார்கள். கண்ணம்மாள் ஒவ்வொரு வீடாகப் போய் அடுப்பைப் பார்த்தாள். போன வீட்டிலெல்லாம் சாப்பிட்டாள். வாத்தியார் வீட்டு மாதா படத்துக்குத் தன் தலைப்பூவில் ஒரு இணுக்கு கிள்ளி வைத்தாள். யாரோ ரேடியோவைத் திருப்பிவிட்டார்கள். நடுவில் யாருக்கும் என்னை மாப்பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்ற நினைப்பே இல்லை. நாங்களே பார்த்துக்கொண்டோம்.

புறப்படும்போது பதில் ஒன்றும் சொல்லவில்லை. “ஊருல நாலு பேரக் கலந்துட்டுச் சொல்றோமுங்க” என்றாள் கண்ணம்மாள். முன்னே வந்த மூன்று பேரும் சொன்ன அதே வார்த்தை.  ஆனால் போகிற போக்கில் மிச்சம் இருந்த தம்ரூட்டைத் தட்டோடு தூக்கி மடியில் வைத்து வண்டியில் ஏறிவிட்டாள்.

“தட்டு?” என்றாள் அம்மா.

“போகட்டும் விடு, மூக்காயி. தட்டு போனா ஆளு வரணும்ல?” என்றாள் ஜெய்தூன் பீவி.

அந்த வாரம் பூராவும் வளவில் ஒரே பேச்சுதான். தட்டு வந்ததா? வேலைக்குப் போகிறவர்கள் போகும்போது கேட்டார்கள், வரும்போதும் கேட்டார்கள். கதவு கிரீச்சிட்டால் ஏழு வீட்டுத் தலையும் நீளும். வந்தது பால்காரராக இருந்தால் அவருக்கு மரியாதை கிடைக்காது. நான் மட்டும் எனக்கு ஒன்றும் இல்லாதவள் போல் இருந்தேன். உப்புக்குப் பதில் சர்க்கரையைக் குழம்பில் போட்டது அந்த வாரத்தில்தான்.

அடுத்த வியாழக்கிழமை காலையில் அடுப்படியில் மாவாட்டிக்கொண்டிருந்தேன். கிணற்று உருளை சத்தம் கேட்டது. ஒரு வாளி. சற்று இடைவெளி விட்டு இன்னொரு வாளி. பிறகு மறுபடியும் ஒன்று. யாரோ வரிசையாகக் குடங்களை நிரப்புகிறார்கள். ஆட்டுவதை நிறுத்திவிட்டேன். பக்கத்து வாசலில் குரல் கேட்டது.

“ஏனுங், ஜெய்தூன் பீவி ஊடு இதுதானுங்களா? அம்மா தட்டக் குடுத்துட்டு வரச் சொன்னாங்க. வெறுந்தட்டாக் குடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்க.”

அவள் சத்தம் போட்டாள் பாருங்கள், மலைக்கோட்டைக்கே கேட்டிருக்கும். “ஐயோ! வெத்தல, பாக்கு, மஞ்சக் கெழங்கு, பூவு! ஆயக்குடிக் கொய்யா! தம்பி, இது பொண்ணு வீட்டுக்குக் குடுக்கறதுல்ல? எனக்கு எதுக்குக் கொண்டாந்தீங்க?”

“தட்டுல உங்க பேருதானுங்களே இருக்குது. யாரு பேரு இருக்குதோ அவங்ககிட்டத்தான் பொண்ணுக் கேக்கோணுமுன்னு அம்மா சொல்லீட்டாங்க. அப்பறம்…” குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனால் எங்கள் சுவருக்கு எவ்வளவு இறங்கினால் என்ன? “அந்தக் கடைசி ஊடு காலியாத்தான் இருக்குதுங்களா? எனக்கு இந்த ஊருலதானுங்க வேலை.”

“ஏ வள்ளி! காதுல விழுந்துச்சாடி?”

விழாமல் எங்கே போகும்? மாவுக் கையோடு ஆட்டுரல்மேல் ஏறி நின்று சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அவர் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். சட்டையெல்லாம் கிணற்றுத் தண்ணீர்.

“வீடு காலிதான். ஆனா நீங்க தும்முனா எட்டு வீட்டுக்கும் கேக்கும்” என்றேன்.

“பரவால்லீங்க. நூறு சொல்ல ஆளு இருக்குதில்லீங்களா?”

 எனக்கு வாய் நிறையச் சிரிப்புதான் வந்தது.  அப்போது மறுபக்கச் சுவருக்கு அப்பாலிருந்து ஞானராஜ் வாத்தியாரின் குரல் கேட்டது. “ஏம்மா வள்ளி, சட்டுனு ஒரு வார்த்த சொல்லிரு. பள்ளிக்கூடத்துக்கு மணி அடிச்சிருவாக. கேக்காம என்னால போக முடியல.”

“சம்மதம்” என்றேன். எட்டு வீட்டுக்கும் கேட்டது.